வண்ணம் பூசும் முன் உப்பைக் கழுவுவோம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவை ஒட்டி ஒரு கண்காட்சி வைத்தோம். வீட்டில் சாப்பாட்டுக்குப் புழங்கிப் பழசாகிப்போன ஒரு பொருளைக் கொண்டுவந்து அழகுபடுத்திக் காட்ட வேண்டும். இதுதான் எட்டாம் வகுப்புக்கு நான் கொடுத்த வேலை. பிள்ளைகள் ஆர்வமாகச் செய்தார்கள். கண்ணாடிப் பாட்டில்களில் சம்கி ஒட்டினார்கள். நெளிந்த டம்ளர்களில் பிளாஸ்டிக் பூ செருகினார்கள். ஒரு மாணவி, வீட்டில் கருவாடும் உப்பும் போட்டு வைக்கும் பெரிய தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துருவேறிய அந்த டப்பாவுக்கு உள்ளும் புறமும் நீல எனாமல் பெயின்ட் அடித்து, மூடியில் ஒரு வெள்ளைக் கொக்கு வரைந்தாள். முதல் பரிசு அதற்குத்தான். தேர்ந்தெடுத்தவள் நான்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். உப்பள வேலைக்குப் போகிறவர். கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். டப்பா பார்க்க நல்லாதான் இருந்துச்சு. ஆனா பெயின்டு பொக்குப் பொக்கா எழும்பி உரிஞ்சிடுச்சு. கருவாட்டுல எல்லாம் நீலத் தோலு ஒட்டிக்கிச்சு. அவ்வளவையும் கொட்டிட்டோம். மழைக்குன்னு எடுத்து வச்சிருந்தது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. இனிமேல் வேறு பிள்ளை வீட்டில் இப்படி ஆகக்கூடாது என்றுதான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் பாடத்தால் ஒரு வீட்டின் மழைக்கால உணவு குப்பைக்குப் போயிருக்கிறது. அதற்கு நான் பரிசும் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தவறிலிருந்து நானும் என் மாணவர்களும் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை. கைவினை, அறிவியல், கணக்கு மூன்றையும் ஒன்றாகக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இது பயன்படலாம்.

மழைக்கு எடுத்து வைப்பது

மரக்காணத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடந்து போனவர்களுக்கு உப்பளங்கள் தெரிந்திருக்கும். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி எங்கள் பகுதிதான். பக்கத்தில் கழுவேலி ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

உப்பு வேலை தை, மாசியில் சூடுபிடிக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும், வேலையும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பல வீடுகளில் கூலி வராது. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கைகொடுக்கிறது. அதோடு வெயில் காலத்தில் காயவைத்து எடுத்து வைத்த கருவாடும் புளியும் அரிசியும்தான் அந்த மாதங்களை ஓட்டுகின்றன. ஒரு டப்பா கெட்டால் இங்கே என்ன நடக்கும் என்பதை வெளியூரிலிருந்து வந்த நான், அந்த அம்மா சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன்.

மேசை இல்லாத வீட்டின் மேசைப் பொருள்கள்

அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கினேன். இந்த முறை பெயின்ட் டப்பாவைத் திறக்கவில்லை; பேச்சில் தொடங்கினேன். பயிற்சி ஏடு ஒன்றில் பார்த்ததை வைத்து, "சாப்பாட்டு மேசையில் என்னென்ன பொருள் பழசாகியிருக்கிறது?" என்று கேட்டேன். பின் வரிசையில் சிரிப்பு.

"டீச்சர், எங்க வீட்டுல மேசையே இல்லியே!"

உண்மைதான். நான்கைந்து வீடுகள் தவிர மற்ற எல்லா வீடுகளிலும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. கேள்வியை மாற்றினேன்: "சாப்பிட உட்காரும்போது உங்கள் முன்னால் என்னென்ன இருக்கும்?" கரும்பலகை நிறைந்துவிட்டது. எவர்சில்வர் தட்டு, சொம்பு, டம்ளர், சோற்றுப் பானை, அதன் அடியில் பிரிமணை, குழம்புச் சட்டி, அகப்பை, ஊறுகாய் ஜாடி, உப்பு டப்பா, பனையோலைப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, தண்ணீர் பாட்டில்.

ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், தேய்ந்த பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வரவேண்டும்.

1. இது எதனால் தேய்ந்தது அல்லது கெட்டது?
2. இதில் உணவு படும் இடம் எது? படாத இடம் எது?
3. சரிசெய்தால் வீட்டில் யார், எதற்குப் பயன்படுத்துவார்கள்?

மூன்றாவது கேள்விக்கு வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். முதல் ஆண்டில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது. கூடவே ஒரு விதியும் வைத்தேன்: கடையில் எதுவும் வாங்கக்கூடாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது என்று வகுப்பில் பேசிவிட்டு, பழைய டம்ளரை அழகாக்கப் புதிய பிளாஸ்டிக் பூ வாங்க வைத்தவள் நான். அந்த முரண்பாடும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வந்த ஏடுகளில் முதல் கேள்விக்கு ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தது: "உப்புக் காத்து."

உப்பு என்ன செய்கிறது?

"உப்புக் காத்து" என்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் பாடம். இரண்டு சோதனைகள் செய்தோம்.

சோதனை 1: ஒரே அளவுள்ள ஐந்து இரும்பு ஆணிகள். எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அதே அளவில் உப்புக் கரைசல் தயாரித்தோம்.

அ. மூடிய பாட்டிலில் உலர்ந்த ஆணி.
ஆ. காய்ச்சி வடித்த நீரில் பாதி மூழ்கிய ஆணி.
இ. உப்புக் கரைசலில் பாதி மூழ்கிய ஆணி.
ஈ. தேங்காய் எண்ணெய் நன்றாகத் தடவி உப்புக் கரைசலில் வைத்த ஆணி.
உ. தினமும் காலையில் உப்புக் கரைசலில் முக்கி எடுத்து, திறந்த தட்டில் காயவிட்ட ஆணி.

பத்து நாள்கள் குழுவாகப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். எது அதிகம் துருப்பிடிக்கும் என்று முதலிலேயே ஊகிக்கச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் 'இ' என்றார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் முதலில் செம்பழுப்பாகிப் பொருக்கு விட்டது 'உ'. நனைவதும் காய்வதுமாக இருக்கும் ஆணிக்கு நீர், உப்பு, காற்று மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. துரு என்பது இரும்பு, ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிந்து உண்டாகும் நீரேறிய இரும்பு ஆக்சைடு. உப்பு நீரில் அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் அரிமானம் வேகமெடுக்கிறது. எங்கள் ஊர் டப்பாவின் நிலை 'உ' ஆணியின் நிலைதான். இரவு ஈரக்காற்றில் நனைகிறது, பகலில் காய்கிறது.

எவர்சில்வர் தட்டில் ஏன் சின்னச் சின்னக் குழி விழுகிறது என்று ஒரு மாணவன் கேட்டான். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். ஈர உப்பை எவர்சில்வர் கிண்ணத்திலோ அலுமினியப் பாத்திரத்திலோ நாள்கணக்கில் வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

சோதனை 2: ஒரு மூடியில் பாத்தியிலிருந்து எடுத்த உப்பு, இன்னொன்றில் கடையில் வாங்கிய தூள் உப்பு. மழை வரும்போல் இருந்த ஒரு நாள் மாலை வகுப்பறை ஜன்னலில் வைத்தோம். காலையில் பாத்தி உப்பு கசிந்து நீர் விட்டிருந்தது. உப்பு நீரில் சாதாரண உப்பு மட்டும் இல்லை. மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்திலேயே கரைந்துவிடும். பத்தாம் வகுப்பில் வரும் 'ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மம்' இதுதான். தந்தை உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு மாணவன் எழுந்து, "அதனாலதான் டீச்சர், உப்பு விளைஞ்ச பிறகு மிச்சத் தண்ணிய வெளிய வுட்டுருவாங்க" என்றான். அவன் சொன்னது சரி. உப்புப் படிந்த பின் எஞ்சும் நீரில் மெக்னீசியம் உப்புகள்தான் மிகுதி. அன்று அந்த மாணவன்தான் ஆசிரியர்.

நீல டப்பாவின் தோல் உரிந்த காரணமும் அப்போது தெளிவாகியது. பெயின்ட் அடிக்கும் முன் டப்பாவைக் கழுவலாமா என்று அவள் கேட்டிருந்தாள். "கழுவினால் இன்னும் துருப்பிடிக்கும், உலர்ந்த துணியால் துடை" என்று சொன்னது நான். துணி துருவைத் துடைத்தது, உப்பைத் துடைக்கவில்லை. பெயின்டுக்கு அடியில் சிக்கிய உப்பு, படலத்தின் வழியே ஈரத்தை உள்ளே இழுத்தது. அங்கே நீர்க் கொப்புளம் எழும்பியது. கொப்புளம் உடைந்து உரிந்தது. இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொன்னேன். "அப்ப அவ மேல தப்பு இல்லையா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லை, என் மேல்தான்" என்றேன். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த அந்த மாணவியையும் அழைத்து இதைச் சொன்னேன்.

செயல்பாடு 1: பழைய புடவையில் பிரிமணை

பானை உருளாமல் இருக்கவும், அடிச்சூடு தரையில் படாமல் இருக்கவும் வைப்பது பிரிமணை. முன்பு வைக்கோலிலும் தேங்காய் நாரிலும் திரித்தார்கள். இப்போது பல வீடுகளில் பழைய செய்தித்தாள், கிழிந்த துணி, சில வீடுகளில் பிளாஸ்டிக் மூடி. கிழிந்த பருத்திப் புடவை, வேட்டி எல்லா வீட்டிலும் இருக்கும்.

தேவையானவை: நூல் புடவை அல்லது வேட்டி, கத்தரிக்கோல், கோணி ஊசி, தடித்த நூல்.

செய்முறை: துணியைத் துவைத்துக் காயவைக்கவும். 4 செ.மீ அகலப் பட்டைகளாகக் கிழிக்கவும். மூன்று பட்டைகளைச் சேர்த்து முடிந்து, சடை பின்னுவதுபோல் இறுக்கமாகப் பின்னவும். பின்னலை வளையமாக அடுக்கித் தைத்தால் பிரிமணை. நடுவில் இடைவெளி விடாமல் சுருளாகச் சுற்றித் தைத்தால் குழம்புச் சட்டியைச் சூட்டோடு இறக்கி வைக்கும் விரிப்பு. மேசை உள்ள வீட்டில் மேசைமேல், இல்லாத வீட்டில் தரைமேல்.

இதில் கணக்கு எங்கே? விரிப்பு 21 செ.மீ விட்டம் வேண்டும். பின்னலின் அகலம் 1.5 செ.மீ. எத்தனை நீளம் பின்ன வேண்டும்? வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கச் சொன்னேன். சுருளைப் பிரித்து நீட்டினால் அது ஒரு நீண்ட செவ்வகம். அதன் பரப்பும் வட்டத்தின் பரப்பும் சமம். வட்டத்தின் பரப்பு 22/7 × 10.5 × 10.5 = 346.5 சதுர செ.மீ. அதை 1.5 ஆல் வகுத்தால் 231 செ.மீ. அடுத்து, பின்னும்போது நீளம் குறையும். ஒரு மீட்டர் பட்டை முக்கால் மீட்டர் பின்னலாகிறது என்று அளந்து கண்டார்கள். எனவே பட்டையின் நீளம் 231 ÷ 0.75 = 308 செ.மீ. ஐந்தரை மீட்டர் புடவையில் ஒட்டுப் போடாமலே கிடைக்கும். வட்டத்தின் பரப்பைப் பலமுறை நடத்தியும் மனத்தில் நிற்காத பிள்ளைகள், தங்கள் விரிப்பு 21 செ.மீட்டரில் வந்து நின்றதைக் கண்டு துள்ளினார்கள். ஒரு குழுவுக்கு 19 செ.மீ தான் வந்தது. இறுக்கிப் பின்னியதால் பின்னல் 1.5 செ.மீட்டருக்கும் குறுகலாகிவிட்டது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

எச்சரிக்கை: பாலியஸ்டர், நைலான் புடவைகள் வேண்டாம். சூடான பாத்திரத்தில் உருகி ஒட்டும். ஐயம் இருந்தால் ஒரு நூலை ஆசிரியர் மட்டும் எரித்துப் பார்க்கலாம். பருத்தி, தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் உருண்டு நிற்கும்.

செயல்பாடு 2: ஜாடிக்குப் பனையோலை மூடி

கருவாட்டு டப்பா மாணவியின் ஆயாவை வகுப்புக்கு அழைத்தோம். பனையோலை முடைவதில் தேர்ந்தவர். நாற்காலி போட்டோம், அவர் தரையிலேயே உட்கார்ந்தார். பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவருடைய முதல் கேள்வியே எங்களுக்குப் பாடமாக அமைந்தது.

"உப்பைப் போயி தகரத்துல வைப்பாங்களா? எங்க காலத்துல மரவையில இருக்கும், இல்லன்னா ஜாடியில இருக்கும்."

"அப்ப ஏன் ஆயா நம்ம வீட்டுல டப்பாவுல வச்சோம்?" என்று பேத்தி கேட்டாள்.

"ஜாடி மூடி ஒடஞ்சி போச்சு. டப்பா சும்மா வந்துச்சு. ஜாடிய பரண் மேல போட்டாச்சு."

நாங்கள் பத்து நாள் ஆணியை வைத்துக் கண்டறிந்ததை, மரமும் பீங்கானும் மண்ணும் புழங்கிய தலைமுறை அனுபவத்தில் அறிந்திருந்தது. பெயர்தான் வேறு. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது வண்ணம் பூசிய டப்பா அன்று. ஜாடிக்கு ஒரு மூடி.

செய்முறை: காய்ந்த குருத்தோலையின் நடு ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்துக்குக் கிழிக்கவும். அரை மணி நேரம் நீரில் ஊறவிட்டு, ஈரத் துணியில் சுற்றி வைக்கவும். காய்ந்த ஓலை மடக்கும்போது வெடிக்கும். நெடுக்கில் பட்டைகளை அடுக்கி, குறுக்கில் ஒன்று மேல், ஒன்று கீழ் என முடையவும். ஜாடி வாயைவிட இரண்டு விரல் பெரிதாக வந்ததும், ஓரத்தைக் கீழே மடக்கவும். நீக்கிய ஈர்க்குகளைக் கட்டாகச் சேர்த்து விளிம்பில் வைத்து, மெல்லிய ஓலையாலோ பனை நாராலோ சுற்றிக் கட்டவும். நிழலில் காயவைக்கவும். ஓலை மூடிக்குக் கீழே சுத்தமான துணியால் ஜாடி வாயை வேடு கட்டிவிட்டால் பூச்சியும் தூசியும் போகாது. மூடியில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை வெயிலில் வைக்க வேண்டும்.

உலோக மூடி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஓலைக்கு அந்தக் கவலை இல்லை. பனை நம் மாநில மரம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் செய்திகளைவிட, தங்கள் ஆயாவின் கையில் ஒரு கல்வி இருக்கிறது என்று வகுப்பறை ஒப்புக்கொண்டதே பெரிதாக இருந்தது. அந்த மாணவி அன்று முழுக்க ஆயாவின் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததும் ஆயா என்னிடம், "பள்ளிக்கூடத்துல என்னைய வாத்தியாராக்கிட்ட" என்று சிரித்தார்.

வாசலுக்கு வந்த ஈயம் பூசுபவர்

ஆயா இன்னொன்றும் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது தெருவுக்கு ஈயம் பூசுபவர் வருவாராம். பித்தளைப் பாத்திரங்களை எல்லா வீட்டாரும் கொண்டுபோய் வரிசையில் வைப்பார்களாம்.

இதை ஒரு வேதியியல் பாடமாக விரித்தேன். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. புளி, மோர் போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் செம்பு கரைந்து களிம்பு ஏறும். அது உடலுக்குக் கெடுதல். எனவே உட்புறத்தில் வெள்ளீயம் பூசினார்கள். துருத்தியால் கரி நெருப்பை ஊதிப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்ப்பார்கள். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கிவிடும். சுத்தமான பரப்பில் வெள்ளீயம் உருகி, மெல்லிய படலமாகப் பரவிப் பிடித்துக்கொள்ளும். முதலில் அழுக்கு நீக்கம், பிறகு பூச்சு. நான் டப்பாவில் தவறவிட்ட வரிசை அது.

அம்மி கொத்துபவர், பாத்திரத்துக்கு அடைப்புப் போடுபவர், ஈயம் பூசுபவர் எல்லோரும் பழையதைப் புழக்கத்துக்குத் திருப்பியவர்கள்தாம். ஜப்பானில் உடைந்த பீங்கானை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன் தூளைப் பூசும் 'கின்சுகி' என்ற கலை இருக்கிறது. உடைந்ததை மறைக்காமல், சரிசெய்ததைக் காட்டுகிறார்கள். இதைக் கேட்ட ஒரு மாணவன், "எங்கம்மா கிழிஞ்ச சட்டையில வேற கலர் துணி வச்சித் தைப்பாங்களே, அது மாதிரியா டீச்சர்?" என்றான். அது மாதிரிதான்.

செயல்பாடு 3: தகர டப்பாவைச் சரியாகப் புதுப்பித்தல்

நீல டப்பாவை அந்த மாணவியே பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். இந்த முறை உணவுக்காக அன்று. வகுப்பறைப் பொருள்கள் வைக்க.

1. பழைய பெயின்டையும் துருவையும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தோம். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. கையுறை, முகக்கவசம் அவசியம்.
2. நல்ல நீரில் பலமுறை கழுவி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரால் அலசினோம். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க, கடைசி அலசல் நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசல் சில துளி விட்டேன். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. முதல் முறை கலங்கியது. மூன்றாவது முறை தெளிவாக நின்றது. (வெள்ளி நைட்ரேட் தோலில் கறை படுத்தும்; ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும்.)
3. நல்ல வெயிலில் முழுவதும் காயவைத்து, தாமதிக்காமல் வெளிப்புறத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தோம். இரவு விட்டுவைத்தால் காலைக்குள் உப்புக் காற்று மறுபடி படிந்துவிடும்.
4. பிரைமர் காய்ந்த பின் மெல்லிய பூச்சாக இரண்டு முறை பெயின்ட்.

பிரைமரும் பெயின்டும் பள்ளிச் சுவருக்கு அடித்து மீந்தவை. ஆனாலும் டப்பாவின் மேல் எழுதியிருந்த ஆண்டைப் பார்த்துவிட்டே எடுத்தேன். வீட்டு உபயோகப் பெயின்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய பெயின்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. எந்தப் பெயின்டாக இருந்தாலும் உணவு படும் இடத்தில் பூசக்கூடாது.

இந்த வேலையை உயர்நிலை வகுப்புகளில், ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்யலாம்.

வகுப்புக்கு ஏற்றபடி

1 முதல் 3ஆம் வகுப்பு வரை: எண்ணும் எழுத்தும் நேரத்தில் சமையலறைப் பொருள்களின் பெயர் சொல்லுதல், உலோகம், மரம், மண், ஓலை என வகைப்படுத்துதல், சாணால் அளத்தல், மூன்று வண்ணத் துணிப்பட்டைகளைப் பின்னி அமைப்பு முறை காணுதல்.

4, 5ஆம் வகுப்பு: வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய பொருளின் கதையைக் கேட்டு ஐந்து வரி எழுதுதல். காகிதப் பட்டைகளில் முடைதல்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ஆணிச் சோதனை, பிரிமணை, ஓலை மூடி.

9, 10ஆம் வகுப்பு: அரிமானம், உலோகக் கலவை, ஈரம் உறிஞ்சும் சேர்மங்கள். டப்பாவைப் புதுப்பித்தல், சுருள் விரிப்பின் கணக்கு.

உங்கள் ஊரில் உப்புக் காற்று இல்லாமல் இருக்கலாம். கரையான் இருக்கும், கடின நீரால் பாத்திரத்தில் வெண்படலம் படியும், அடுப்புப் புகை இருக்கும். தேய்மானத்தின் காரணம் ஊருக்கு ஊர் மாறும். அதைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியைப் பற்றி நாம் எல்லோரும் பி.எட். படிக்கும்போது எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். கைத்தொழில் வழியாகவே மற்றப் பாடங்களைக் கற்பிப்பது என்ற அந்தக் கருத்தை நான் படித்தது இருபது ஆண்டுகளுக்கு முன். புரிந்துகொண்டது ஒரு கருவாட்டு டப்பாவால்.

மதிப்பீட்டையும் மாற்றிக்கொண்டேன். அழகுக்குப் பரிசு இல்லை. செய்த பொருள் வீட்டுக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து, அது இன்னும் பயன்படுகிறதா, இல்லையென்றால் ஏன் என்று மாணவர்கள் எழுதித் தர வேண்டும். "பிரிமணை நூல் விட்டுப் போச்சு, மறுபடி தைச்சேன்" என்று எழுதியவனுக்கும் முழு மதிப்பெண். "நாய் தூக்கிட்டுப் போச்சு" என்று எழுதியவனுக்கு இன்னொன்று செய்யத் துணி கொடுத்தேன்.

அந்த மாணவி இப்போது பதினோராம் வகுப்பில் வேறு பள்ளியில் படிக்கிறாள். டப்பா எங்கள் அறிவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. சோதனைக் குழாய்க்கான தூரிகைகளும் துணிகளும் அதில்தான். இரண்டு மழைக்காலம் கடந்தும் பெயின்ட் எழும்பவில்லை. மூடியில் அவள் மறுபடியும் அந்தக் கொக்கை வரைந்து கொடுத்திருக்கிறாள்.

சென்ற கார்த்திகையில் மழை விட்ட ஒரு மாலை, கடைத்தெருவில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். வேலை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. நலம் விசாரித்துவிட்டு நானே கேட்டேன்: "கருவாடு எப்படி இருக்கு?"

"ஜாடியில பத்திரமா இருக்கு டீச்சர். ஆயா மூடிய மாத்திப் போட்டாங்க, பழசு இத்துப் போச்சு. இப்ப பொண்ணே பின்னிக்கிறா."